கப்பல் அவுட்டரில் நிற்கிறது

போன சனிக்கிழமை சாயங்காலம், ஒரு கல்யாண ரிசப்ஷனில், மண்டபம் நிறைந்த கூட்டம் மொத்தமாக எழுந்து பந்தியைப் பார்த்து நடந்தது. நானும் என் மனைவியும் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

பசி இல்லாமல் இல்லை. பின்பக்கமிருந்து நெய் வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மேடையில் அப்போதுதான் ஒரு கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எப்படிச் சாப்பிடப் போவது?

குழப்பமாக இருக்கிறதா? வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்கு அன்றைய டைரி எழுத ஓடாது என்பது இந்தப் பக்கத்துக்கு வாராவாரம் வந்து போகிறவர்களுக்குத் தெரியும்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து போகும் சரக்குகளுக்குக் காகித வேலை பார்ப்பது எங்கள் அலுவலகத்தின் தொழில். அங்கே எனக்கு எதிர் மேஜையில் ஜெனிஃபர். வயது நாற்பதை நெருங்குகிறது. பில்களில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. சில மாதங்களுக்கு முன்பு ஒரு பென்டிரைவை என் மேஜையில் வைத்தார்.

"சார், நாங்க மூணு பேரு சேந்து ஒரு ஆல்பம் பண்ணிருக்கோம். கேட்டுட்டுச் சொல்லுதீயளா?"

"பக்திப் பாட்டா?"

"இல்ல சார். புரோகிரசிவ் மெட்டல்."

என் முகம் எப்படிப் போயிற்றோ, அவரே விளக்கினார். "ராக் மாதிரிதான் சார். ஆனா பாட்டு நீளமா இருக்கும். தாளம் மாறிக்கிட்டே இருக்கும். மொத்தமும் ஒரே கதையா போவும். கொஞ்சம் சத்தமும் இருக்கும்."

கொஞ்சம்!

அன்று வீட்டில் ஸ்பீக்கரில் போட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி கனி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னங்க இது... வீட்டுக்குள்ள லாரி ரிவர்ஸ் எடுக்குத மாரி இருக்கு?"

"ஆல்பம். ஜெனிஃபர் பண்ணது."

"நம்ம ஜெனிஃபரா? யாரோ ஒரு ஆளு தொண்டையப் பிடிச்சிக்கிட்டுக் கத்துதான். அவனுக்கு மொதல்ல மிளகு ரசம் குடுக்கச் சொல்லுங்க."

மறுநாள் அலுவலகத்தில் நான் நாகரிகமாகத்தான் ஆரம்பித்தேன். உழைப்பு தெரிகிறது, கிட்டார் அருமை, ஆனால் கதை பிடிபடவில்லை... முதல் பாட்டிலேயே கப்பல் கரைக்கு வந்துவிடுகிறது, நடுவில் திடீரென்று கிளம்புகிறது, கடைசியில் புயலில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறது. இது என்ன கதை?

ஜெனிஃபர் கையிலிருந்த பில்லைக் கீழே வைத்தார்.

"சார்... எந்த ஆர்டர்ல கேட்டீங்க?"

பென்டிரைவில் பாட்டுகள் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத்தான் இருந்தன. எண்ணுக்குப் பின்னால் பெயர். எனக்கு அது ஒழுங்கில்லாமல் தெரிந்தது. என் கம்ப்யூட்டரில் எல்லா ஃபைலும் பெயரில்தான் தொடங்கும். எனவே எண்களையெல்லாம் அழித்துவிட்டு, சுத்தமாக அகர வரிசையில் அடுக்கி வைத்துக் கேட்டிருக்கிறேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கடைசி மேஜைக்காரர்கூட எழுந்து வந்துவிட்டார். ஒழுங்கான ஆள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். சோம்பேறி ஒருவன் எண்ணை அப்படியே விட்டிருப்பான். சரியாகக் கேட்டிருப்பான்.

அன்று சாயங்காலமே ஜெனிஃபரிடம் கேட்டு எண் வரிசையில் அடுக்கிவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம்.

ஆல்பத்தின் பெயர் 'அவுட்டர்'. எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு உடனே நிற்க இடம், அதாவது பெர்த், கிடைத்துவிடாது. தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த இடம்தான் அவுட்டர். பீச்சில் நின்று பார்த்தால் விளக்கு தெரியும். உள்ளே இருக்கிறவர்களுக்கும் நம் ஊர் விளக்கு தெரியும். ஆனால் இறங்க முடியாது.

இதுதான் கதை. ஒரு கப்பல் வருகிறது, நிற்கிறது, காத்திருக்கிறது, புயலைத் தாங்குகிறது, கடைசியில் இடம் கிடைத்துக் கரை சேர்கிறது. இதற்கு ஏழு பாட்டு.

முதல் தடவை எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்டது இப்போது வேறாகக் கேட்டது. முதல் பாட்டில் தாளம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் என் கால் ஏமாந்து போயிற்று. ஒரு தட்டு குறைகிறது... நொண்டுகிற மாதிரி. ஏன் என்று ஜெனிஃபரிடம் கேட்டேன்.

"கப்பல் ஆடுதுல்லா சார். ஆடுத கப்பல்ல எவன் நேரா நடப்பான்?"

அவ்வளவுதான் பதில். அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தாளத்தை வேறு மாதிரிக் கேட்கவே முடியவில்லை.

முதல் பாட்டில் ஜெனிஃபரின் கிட்டாரில் ஒரு சின்ன மெட்டு தனியாக வரும். கேட்டுவிட்டு மறந்துவிடுவோம். மூன்றாம் பாட்டில் அதுவே இரட்டை வேகத்தில், மூச்சு வாங்க, வேறு ஆள் மாதிரி ஓடும். ஐந்தாம் பாட்டில் தலைகீழாக வரும். கப்பலில் சரக்கு அடுக்குவது போலத்தான். எந்தப் பெட்டி முதலில் இறங்க வேண்டுமோ அது மேலே இருக்கும், கனமானது அடியில். ஏற்றும்போது பார்த்தால் கண்டபடி வைக்கிற மாதிரிதான் தெரியும். இறக்கும்போதுதான் யோசனை புரியும்.

இத்தனை சத்தத்துக்குள் இத்தனை ஒழுங்கா? என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்!

அந்தக் கத்தல்? அது முத்துக்குமார். பேஸ் கிட்டார் வாசிப்பவரும் அவர்தான். உப்புக் கம்பெனி ஒன்றில் வேலை. நேரில் பார்த்தபோது அசந்துவிட்டேன். அவர் பேசினால் நாம் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு மெல்லிய குரல். அந்த மனிதரின் அடிவயிற்றில் ஒரு வாடைக்காற்று குடியிருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

மூன்றாவது ஆள் ரிக்சன். டிரம்ஸ். பிழைப்பு கப்பலில். ஒன்பது மாதம் கடலில் இருப்பார். மூன்று மாதம் ஊரில். ரிக்சன் ஊருக்கு வரும் மாதங்களில் மட்டும் வாசித்து வாசித்து, சில வருடங்களில் இந்த ஆல்பம் ஒப்பேறியிருக்கிறது. இவர்களுக்குக் காத்திருப்பைப் பற்றிப் பாட்டு எழுத யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சிக்கலும் ரிக்சனிடமிருந்துதான் வந்தது. அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது ஊர் தூத்துக்குடியாக இருக்காது. மனைவியின் ஊரான கொச்சிக்குக் குடிபோகிறார்கள். ஆல்பத்தை ஒரு தடவையாவது, முழுதாக, ஆட்கள் முன்னால் வாசித்துவிட வேண்டும் என்பது மூன்று பேருக்கும் ஆசை. ஒரு ஹோட்டலில் கேட்டார்கள். மேனேஜர் முதல் பாட்டின் பாதியில் ஏசி ரிப்பேர் என்று எழுந்து போய்விட்டாராம். ஒரு கல்லூரியில் கேட்டார்கள். 'ஏழில் இரண்டு மட்டும் வாசியுங்கள்' என்றார்களாம்.

ஏழில் இரண்டு! அவுட்டரில் கப்பலை விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள்.

அப்போதுதான் ஜெனிஃபரின் தம்பி ஜெரால்டுக்குக் கல்யாணம் கூடியது. "எங்க அக்கா என் ரிசப்ஷன்ல வாசிக்கட்டும்" என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டான். அவர்கள் அம்மா ரெஜினா சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஜெனிஃபர் அதை அம்மாவின் குரலிலேயே என்னிடம் சொன்னார்.

"'ஏளா, நாலு ஊர்ச் சனம் வரும். வந்த சனத்த வெரட்டி விட்டோம்னு பேரு வரக்கூடாது. ஆளுக எந்திரிச்சிப் போக ஆரம்பிச்சா அந்த நிமிஷமே நிப்பாட்டிரணும். நான் பென்டிரைவ்ல சினிமாப் பாட்டு போட்டுருவேன், பாத்துக்கோ'ன்னுட்டாவ சார்."

இருப்பது ஒரே வாய்ப்பு. அதற்கு இப்படி ஒரு நிபந்தனை.

எனக்குக் கொஞ்சம் பயம்தான். நம் ஜனங்கள் முக்கால் மணி நேரம் ஒரே கதையைக் கேட்பார்களா என்று. ஆனால் யோசித்துப் பார்த்தேன். ஏன் கேட்க மாட்டார்கள்? என் சொந்த ஊர் ஆழ்வார்திருநகரிப் பக்கம். அங்கே கோயில் கொடைத் திருவிழா வந்தால் வில்லுப்பாட்டை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கிறோம். சாமி பிறந்ததை மட்டும் பாடு, மற்றதை விடு என்று யாராவது கேட்டதுண்டா? நாகஸ்வரக்காரர் ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டு வீதி முழுக்க நடக்கிறார். கூடவே நடக்கிறோம். நீளமாகக் கேட்பது நமக்குப் புதிதல்ல. செல்போன் வந்த பிறகுதான் எல்லாவற்றையும் துண்டு துண்டாக நறுக்கிச் சாப்பிடப் பழகியிருக்கிறோம்.

சனிக்கிழமை வந்தது. கேக் வெட்டினார்கள். வாழ்த்துரை முடிந்தது. போட்டோவுக்கு நின்ற வரிசையும் ஒருவழியாகக் கரைந்தது. மேடையின் ஓரத்தில் மூன்று பேரும் நின்றார்கள். ஜெனிஃபர் பட்டுப்புடவையில், கிட்டாரோடு.

முதல் பாட்டு. ஆடும் கப்பல். முன்வரிசைச் சொந்தக்காரர்கள் முகத்தில் ஒரு மரியாதையான திகைப்பு. இரண்டாம் பாட்டில் முத்துக்குமார் வாயைத் திறந்தார்.

எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார்: "மைக் கெட்டுப்போச்சு போலருக்கே."

பக்கத்திலிருந்தவர்: "இல்லவே, பாடுதான்."

"பாடுதானா?"

"வாயப் பாரும்."

ஆனால் யாரும் எழவில்லை. ரெஜினா அம்மா மேடையைப் பார்க்கவே இல்லை. நாற்காலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பாட்டில் ரிக்சன் வேகம் பிடித்ததும் இரண்டு மூன்று தலைகள் ஆடத் தொடங்கின. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நான்காம் பாட்டின் முடிவில்தான் கப்பல் நங்கூரம் போடும். சங்கிலி கடகடவென்று இறங்குவது போல ரிக்சன் டிரம்ஸில் உருட்டிக்கொண்டே வருவார். பிறகு சட்டென்று எல்லாம் நிற்கும். இன்ஜின் ஓய்ந்த அமைதி. ஆல்பத்தின் உயிரே அந்த அமைதிதான். ஹெட்போனில் கேட்கும்போது நானே மூச்சை அடக்கிக்கொள்வேன்.

சங்கிலி இறங்கியது. எல்லாம் நின்றது.

கூட்டம் படபடவென்று கைதட்டிவிட்டு எழுந்தது.

நம் ஊரில் ரிசப்ஷன் கச்சேரி நின்றால் பந்தி திறந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் மைக்கில் அறிவிக்க வேண்டியதில்லை. கால்களுக்கே தெரியும். இதை மூன்று பேரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. ஆல்பத்தை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! அந்த அமைதியில் பிரியாணி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லையே...

மேடையில் ஜெனிஃபரின் கை கிட்டார் மேலேயே நின்றுவிட்டது. ரெஜினா அம்மா பென்டிரைவை எடுத்துக்கொண்டு சவுண்ட் பாக்ஸ்காரரை நோக்கி நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அம்மா, இன்னும் முடியல. பாதிதான் ஆயிருக்கு."

"அதான் பாத்தீயள்லா தம்பி, அத்தன பேரும் எந்திரிச்சிட்டாவ. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"பிடிக்காம எந்திரிக்கலம்மா. முடிஞ்சிட்டுன்னு நெனச்சிட்டாங்க."

"எப்படியோ... எந்திரிச்சாச்சுல்லா?"

அவர் என்னைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பார்த்தார். ஆனால் பந்திக் கதவருகே ஒரு குரல் கேட்டது. சமையல் பொறுப்பாளர் பாண்டி, கதவை மறித்து இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"அண்ணாச்சி, யாரும் உள்ள வராதீங்க! பிரியாணி தம் இன்னும் உடைக்கல. அரை மணி நேரம் ஆவும். இப்ப வந்தா அரிசியத்தான் திங்கணும்!"

கூட்டம் முணுமுணுத்தது. கொஞ்சம் நின்று பார்த்தது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வேறு எங்கே போவது?

ரெஜினா அம்மா குழம்பிப் போனார். "போனவங்க திரும்ப வந்துட்டாவளே... இத எந்தக் கணக்குல தம்பி சேக்க?"

எனக்குத் தொழில் கைகொடுத்தது. "கேட் வரைக்கும் போன கன்டெய்னர் திரும்பி வந்துட்டா, அது ஏத்துமதியான கணக்குல வராதும்மா. உள்ள இருந்த கணக்குதான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டார். மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏளா! என்னத்த நின்னுக்கிட்டிருக்க? வாசி!"

ஜெனிஃபர் மைக்கருகே வந்தார். அவர் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆல்பத்தில் பேச்சே கிடையாது.

"எல்லாரும் மன்னிச்சிக்கிடுங்க. பாட்டு இன்னும் முடியல. இது ஒரு கப்பலோட கத. இப்ப கப்பல் அவுட்டர்ல நிக்குது. பெர்த் கிடைக்கல. உங்களுக்குப் பந்தி கிடைக்காத மாதிரிதான்."

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு ஏதோ ஒன்று மாறியது.

ஏன் மாறாது? அங்கே இருந்தவர்கள் யார்? கிரேன் ஓட்டுகிறவர், லாரிக்காரர், கப்பலைத் தள்ளிக் கரை சேர்க்கும் டக் படகில் வேலை பார்ப்பவர், கப்பலுக்குப் போன புருஷனுக்காகக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்கள். பெர்த் கிடைக்காத கப்பல் என்றால் அவர்களுக்குக் கதை அல்ல, திங்கட்கிழமை. நான் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்ததை அவர்கள் ஒரே வரியில் பிடித்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் பாட்டு, காத்திருப்பு. பேஸ் கிட்டார் மட்டும் ஜெனரேட்டர் மாதிரி அடியில் முனகிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஜெனிஃபர் மெதுவாகப் பாடுவார். தூரத்தில் சர்ச் விளக்கு தெரிகிறது, உப்புக் குவியல் வெள்ளையாகத் தெரிகிறது, போனில் சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது... அவ்வளவுதான் பாட்டு. ரிக்சனின் மனைவி அதுவரை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டில் போனை மடியில் வைத்துவிட்டார்.

"பெர்த் கெடச்சிட்டா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"எங்கன? முன்னாடி நிலக்கரிக் கப்பல் நிக்குல்லா!" என்று இன்னொரு குரல்.

ஆறாம் பாட்டு, புயல். முத்துக்குமார் முழுக் குரலையும் திறந்துவிட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மைக் கெட்டுப்போச்சு என்றாரே, அவர் இப்போது பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "காத்து ஏறுதுவே. நங்கூரம் இழுக்கு, கேக்குதா?"

கனி என் காதில், "இப்ப அந்த ஆளு கத்துதது சரியாத்தான் இருக்கு" என்றாள். என் வீட்டில் இதைவிடப் பெரிய விருது கிடையாது.

கடைசிப் பாட்டு. வழிகாட்டத் துறைமுகப் பைலட் கப்பலில் ஏறுகிறார். டக் படகுகள் தள்ளுகின்றன. இந்தப் பாட்டு தள்ளித் தள்ளி நிற்கும். கொஞ்சம் வாசிப்பார்கள், நிறுத்துவார்கள், மறுபடி கொஞ்சம். மெதுவாக, மெதுவாக, அந்த முதல் மெட்டு திரும்பி வரும். இப்போது ஆட்டம் இல்லை. தாளம் நேராக நடக்கிறது. கப்பல் கரையை ஒட்டிவிட்டதல்லவா?

அப்படி ஒரு நிறுத்தத்தில்தான் பந்திக் கதவு படாரென்று திறந்தது.

"பந்தி ரெடி! எல்லாரும் வாங்க, சூடா இருக்கு!"

பாண்டியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. தம் உடைத்த வாசனை ஆளைத் தூக்கியது. ஜெனிஃபர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

நடுவரிசையிலிருந்து ஒரு பெரியவர் எரிச்சலோடு கையை ஆட்டினார். "ஏ, இரும்யா! கப்பலுக்குக் கயிறு இன்னும் கட்டல!"

ஜெனிஃபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் கடைசி மெட்டை வாசித்து முடித்தார். பேஸில் ஒரு மெல்லிய இடி... கப்பல் கரையில் தோள் உரசி நின்றது.

முடிந்துவிட்டது. ஆனால் யாரும் கைதட்டவில்லை. யாரும் எழவும் இல்லை. ஒருமுறை ஏமாந்தவர்கள் அல்லவா? எல்லோரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆல்பத்தில் இருப்பதைவிட நீளமான அமைதி அது.

கடைசியில் ஜெனிஃபரே மைக்கில் சொல்ல வேண்டியதாயிற்று:

"கட்டியாச்சு!"

அதன் பிறகு எழுந்த கைதட்டலையும் நாற்காலிச் சத்தத்தையும் எந்த டிரம்ஸாலும் வாசிக்க முடியாது. கூட்டத்துக்கு நடுவே ரெஜினா அம்மா ரிக்சனின் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார். "கொச்சி என்ன, நெலாவுலயா இருக்கு? கப்பல் முடிஞ்சி வந்ததும் வந்து சேரு. எம் மகளுக்கும் மாப்பிள்ள பாக்கணும். அவ கல்யாணத்துக்கு வேற கத வேணும்லா?"

"மம்மி!" என்றார் ஜெனிஃபர்.

பிரியாணி கொஞ்சம் ஆறித்தான் போயிருந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.